பேட்ரிக் மூரும் மாதம் ஒருமுறை வானமும்

1957 ஏப்ரல் 24, இரவு 10.30 மணி. பிபிசி தொலைக்காட்சியில் 34 வயது ஆள் ஒருவர் கேமரா முன் வந்து, அன்று வானில் தெரிந்துகொண்டிருந்த ஒரு வால்நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினார். 'தி ஸ்கை அட் நைட்' என்று பெயர் வைத்த அந்த நிகழ்ச்சியைச் சில மாதங்களுக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். அது மாதம் தவறாமல் ஓடியது. அதே ஆள், பேட்ரிக் மூர், 2012 டிசம்பர் 9-ல் இறக்கும்வரை அதை நடத்தினார். ஒரே தொகுப்பாளர் இவ்வளவு காலம் தொடர்ந்து நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறு எதுவும் இல்லை. கின்னஸ் பதிவிலும் அது இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒற்றைக்கண் கண்ணாடியையும், வேகப் பேச்சையும், சைலஃபோன் வாசித்ததையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது. மூரின் நிகழ்ச்சி, பார்த்தவரை எழுப்பி வெளியே அனுப்பிய நிகழ்ச்சி. இன்று இரவு எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியால் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. அவர் வாழ்க்கையையும் அந்த விவரங்களோடு சேர்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

முதல் நிகழ்ச்சியின் அந்த வால்நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஆரெண்ட்–ரோலண்ட். 1956 நவம்பரில் பெல்ஜியத்தின் உக்கிள் ஆய்வுக்கூடத்தில் சில்வான் ஆரெண்ட், ஜார்ஜ் ரோலண்ட் இருவரும் கண்டுபிடித்தது. 1957 ஏப்ரல் 8-ல் அது சூரியனை நெருங்கிச் சுற்றி, அந்த மாதக் கடைசியில் வடகோளத்து மாலை வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வால்நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீளும் என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். இதற்கு அந்த வாலும் இருந்தது, சூரியனை நோக்கி நீட்டிய ஈட்டி போன்ற இன்னொன்றும் இருந்தது. அந்த எதிர்வால் மிகத் தெளிவாகத் தெரிந்தது ஏப்ரல் 25-ஐ ஒட்டி, அதாவது மூர் முதன்முதலில் பேசிய மறுநாள்.

காரணம் எளிது. வால்நட்சத்திரம் உதிர்க்கும் கனமான தூசி, அதன் பாதைத் தளத்திலேயே மெல்லிய தகடாகப் பரவிக் கிடக்கும். பூமி அந்தத் தளத்தைக் கடக்கும்போது தகட்டை விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். ஒரு தாளைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் கோடாகத் தெரிவதுபோல, பரவிக் கிடந்த தூசி ஒரே கோட்டில் குவிந்து பிரகாசமாகிவிடுகிறது. சூரியனை நோக்கி எதுவும் பாய்வதில்லை; நாம் பார்க்கும் கோணம்தான் அப்படிக் காட்டுகிறது. சில நாட்களில் பூமி தளத்தைத் தாண்டிப் போனதும் ஈட்டி மறைந்தது. அந்த வால்நட்சத்திரத்தின் பாதை மீண்டும் திரும்பி வராத வகை. நேரலையாகப் போன அந்த முதல் நிகழ்ச்சிக்கும் இன்று பதிவு இல்லை.

மூர் 1923 மார்ச் 4-ல் லண்டனை ஒட்டிய பின்னரில் பிறந்தவர். முழுப்பெயர் பேட்ரிக் ஆல்ஃபிரெட் கால்ட்வெல்-மூர். குடும்பம் பிறகு சசெக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதில் இதயக் கோளாறு இருந்ததால் படிப்பின் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தது. 6 வயதில் அம்மாவின் அலமாரியிலிருந்து சூரியக் குடும்பத்தைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் படித்தார். 11 வயதில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 1982 முதல் 1984 வரை, அதே சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 14 வயதில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. கல்லூரிப் பட்டம் எதுவும் அவர் வாங்கவில்லை. கடைசிவரை தன்னை அமெச்சூர் என்றே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லில் அவருக்குத் துளியும் கூச்சம் இருந்ததில்லை; இருக்கவும் வேண்டியதில்லை.

அவருடைய முதல் தொலைநோக்கி 3 அங்குல விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கி. விலை 7 பவுண்டு 10 ஷில்லிங். வாழ்நாள் முழுவதும் அதை வைத்திருந்தார். இந்த '3 அங்குலம்' என்ற எண் முக்கியமானது. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வரம்பு அதுதான்: லென்ஸ் வகை என்றால் 3 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள், குழியாடி வகை என்றால் 6 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள், அவ்வளவு பணம் இல்லையென்றால் அரைகுறைத் தொலைநோக்கிக்குப் பதில் நல்ல பைனாகுலர் வாங்குங்கள். இன்று 4, 5 அங்குலத்திலும் நல்ல குழியாடிகள் கிடைக்கின்றன. அதனால் இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் தளர்த்தலாம். மற்றபடி அறிவுரையில் மாற்ற ஒன்றுமில்லை.

பெட்டியின் மேல் '500 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் சிறிய தொலைநோக்கி ஏன் ஏமாற்றும்? ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம் அதன் விட்டத்தைப் பொறுத்தது. அங்குலத்துக்கு 50 மடங்கு என்பது, காற்று அசையாமல் நிற்கும் அருமையான இரவில் கிடைக்கும் உச்சவரம்பு. 3 அங்குலத்துக்கு 150, 6 அங்குலத்துக்கு 300. 2 அங்குல லென்ஸில் 500 மடங்கு போட்டால் படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் சேராது. மங்கிய ஒரு கறைதான் மிஞ்சும். கூடவே தாங்கியின் ஆட்டமும் அதே 500 மடங்காகும். மெலிந்த முக்காலியில் குவியத் திருகைத் தொட்டாலே கோள் பார்வையைவிட்டு ஓடிவிடும். வாங்குவதற்கு முன் குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கவில்லையென்றால், லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.

பைனாகுலரில் 7x50 என்பது 7 மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ். 50-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் சுமார் 7 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். இருட்டில் இளம்வயதுக் கண்மணி விரியும் அளவும் ஏறக்குறைய அதுவே. வயது ஏற ஏற கண்மணி அவ்வளவு விரியாது, ஒளியில் ஒரு பகுதி வீணாகும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 10x50 பொருத்தம். 12 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், தாங்கி கட்டாயம்.

இரண்டாம் உலகப் போரின்போது மூர் வான்படையில் இருந்தார். போர் முடிந்ததும் கென்ட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சில ஆண்டுகள் வேலை செய்தார். பகலில் வகுப்பு, இரவில் நிலா. அப்போது தொழில்முறை வானியலாளர்களுக்கு நிலாவில் பெரிய அக்கறை இல்லை. பெரிய தொலைநோக்கிகளெல்லாம் விண்மீன்களையும் அண்டங்களையும் நோக்கியிருந்தன. நிலாவின் வரைபடம் அமெச்சூர்கள் கையில் இருந்தது. மூர் 12½ அங்குலக் குழியாடித் தொலைநோக்கி ஒன்றை அமைத்துக்கொண்டு நிலாவின் விளிம்புப் பகுதிகளை வரைந்தார். 1953-ல் நிலாவைப் பற்றிய அவருடைய வழிகாட்டிப் புத்தகம் வந்தது. அதையும் பிறகு வந்த எண்ணற்ற புத்தகங்களையும் 1908-ல் செய்த ஒரு உட்ஸ்டாக் தட்டச்சுப்பொறியில் அவரே தட்டினார். தொலைக்காட்சிக்கு அவரை இழுத்தது, 1950-களில் பறக்கும் தட்டு பரபரப்பு ஓடிக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு விவாதம். அதில் அவர் பேசியதைக் கவனித்த பிபிசி தயாரிப்பாளர் பால் ஜான்ஸ்டன், வானியலுக்கென்றே ஒரு நிகழ்ச்சி செய்யலாமா என்று கேட்டார்.

தொடங்கி ஆறு மாதம் முடிவதற்குள், 1957 அக்டோபர் 4-ல், ஸ்புட்னிக் பறந்தது. வானத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லக்கூடிய ஆள் தேவை என்று ஊரே தேடியபோது பிபிசி-யிடம் அவர் தயாராக இருந்தார்.

தொடக்க ஆண்டுகளில் நிகழ்ச்சி நேரலை. எழுதிவைத்த உரையை மூர் படிக்கவில்லை. என்ன வரிசையில் பேசுவது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசினார். ஒருமுறை பேசும்போதே பெரிய ஈ ஒன்று வாய்க்குள் போக, விழுங்கிவிட்டுத் தொடர்ந்து பேசினார். இன்னொரு முறை தொலைநோக்கி வழியாக வானத்தை நேரலையில் காட்ட ஏற்பாடு செய்திருந்தபோது மேகம் வந்து மூடியது. மேகமே இல்லாதிருந்தாலும் அது எளிய வேலை இல்லை. வியாழன் நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட அதன் தட்டு சுமார் 45 முதல் 50 ஆர்க்விநாடிதான் (ஒரு ஆர்க்விநாடி, டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). நிலாவின் விட்டத்தில் ஏறக்குறைய 40-ல் ஒரு பங்கு. அதைத் திரையில் நிரப்பும் அளவுக்குப் பெருக்கினால், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் பரவி நீர்த்துப்போகும். அந்தக் காலத்துக் குழாய்க் கேமராவுக்கு அது போதாது. அத்துடன் காற்றின் அசைவும் சேர்ந்து பெருகும். கண்ணால் பார்ப்பவர் காற்று அடங்கும் அரை விநாடிக்காகக் காத்திருந்து அதை மட்டும் மனதில் பதித்துக்கொள்வார். கேமரா கலங்கலையும் சேர்த்தே காட்டும்.

1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 நிலாவைச் சுற்றிப் போய், மனிதர் யாரும் அதுவரை பார்த்திராத மறுபக்கத்தைப் படமெடுத்தது. எடுத்த படங்கள் 29. படச்சுருளை விண்கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, வருடி, ரேடியோவில் அனுப்பிய வேலை அது. மேற்குலகில் அந்தப் படங்களை முதலில் பார்த்தவர்களில் மூரும் ஒருவர். நேரலையிலேயே காட்டி விளக்கினார். படம் மிக மங்கல். மறுபக்கத்தின் இடங்களைப் பொருத்திப் பார்க்க, படத்தின் ஓரத்தில் தெரிந்த, நமக்குப் பழக்கமான விளிம்புப் பகுதிகள்தான் பிடிமானம். மூர் போன்றவர்கள் பல ஆண்டு உட்கார்ந்து வரைந்த விளிம்பு வரைபடங்கள் அப்போது பயன்பட்டன. அந்த மங்கலை நம்பிப் பெயர் வைத்ததில் பிசகும் நடந்தது. 'சோவியத் மலைகள்' என்று குறித்த வெண்கோடு மலையே இல்லை, பள்ளங்களிலிருந்து சிதறிய பொருளின் ஒளிக்கீற்று என்று பிறகு தெரிந்தது.

விளிம்பு என்றதும் மாரே ஓரியன்டாலே வந்தாக வேண்டும். 1940-களில் நிலா வரைபடம் வரைந்த இன்னொரு அமெச்சூரான எச். பி. வில்கின்ஸும் மூரும் நிலாவின் ஓரத்தில் ஒரு கருஞ்சமவெளியின் நுனியைக் கவனித்தார்கள். 'கிழக்குக் கடல்' என்ற பொருளில் மாரே ஓரியன்டாலே என்ற பெயரைத் தான் சொன்னதாக மூர் நெடுங்காலம் கருதினார். ஆனால் ஜெர்மானியரான யூலியஸ் ஃபிரான்ஸ் 1906-லேயே அதைக் குறித்து அதே பெயரை வைத்திருந்தார். சொந்தமாகக் கண்டார், முதலில் காணவில்லை, இரண்டும் உண்மை. 1961-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் நிலாவின் கிழக்கு மேற்கை, அங்கே நிற்பவரின் கணக்குக்கு மாற்றியதால் 'கிழக்குக் கடல்' இப்போது நிலாவின் மேற்கு விளிம்பில் கிடக்கிறது. 1967-ல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் 4 விண்கலம் நேருக்கு நேர் படமெடுத்த பிறகுதான், அது ஏறக்குறைய 930 கிலோமீட்டர் அகலத்தில், வட்டத்துக்குள் வட்டமாக மலை வளையங்கள் சூழ்ந்த மோதல் படுகை என்று தெரிந்தது.

அதைப் பார்க்க வேண்டுமா? மூரின் வேலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்றாலும், கிழக்கு மேற்காக சுமார் 8 டிகிரி, வடக்கு தெற்காக 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தலையசைக்கிறது. இந்த அசைவால் மொத்தத்தில் 59 சதவீதப் பரப்பு நமக்குத் தெரியவரும். ஓரியன்டாலேயின் நடுப்பகுதி 90 டிகிரி மேற்குக்கு அப்பால் இருக்கிறது, ஆகவே மேற்கு விளிம்பு நம் பக்கம் திரும்பும் நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். நிலா பற்றிய எந்தச் செயலியிலும் லிப்ரேஷன் எண், அதாவது இந்தத் தலையசைவின் அளவு, இருக்கும். தீர்க்கரேகை −5 அல்லது அதற்கும் கீழே, அட்சரேகையும் மைனஸில் இருக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் முழுநிலவுக்குப் பிறகு, தேய்பிறை அரைநிலவை ஒட்டி அமைய வேண்டும். வளர்பிறையில் அந்த விளிம்பு இருட்டில் கிடக்கும். முதலில் கிரிமால்டியைப் பிடியுங்கள்: மேற்கு விளிம்பருகே, நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, கருத்த தரையுள்ள நீள்வட்டம். அங்கிருந்து விளிம்போரமாகத் தெற்கே நகர்ந்தால், விளிம்புக்கு இணையாக மெல்லிய கருங்கீற்றுகள் ஒன்றிரண்டு தெரியும். அவை லாகஸ் ஆட்டம்னி, லாகஸ் வெரிஸ். கண்ணுக்கு எதிரே மேடு பள்ளமாகத் தெரிவது கார்டிலெரா, ரூக் மலை வளையங்களின் பக்கவாட்டு. அதற்கும் அப்பால் இழைபோல் ஒரு கருமை தெரிந்தால் அதுதான் கடல். 3 அங்குலம், 100 மடங்கு போதும். முதல் முயற்சியில் தெரியாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், லிப்ரேஷனைப் பார்க்காமல் போனதுதான்.

நிலாவைப் பற்றி மூர் தவறிய இடமும் உண்டு. நிலாவின் பள்ளங்கள் பெரும்பாலும் எரிமலையால் வந்தவை என்று பல காலம் வாதிட்டார். அவை விண்கற்கள் மோதி உண்டானவை என்பது அப்போலோ காலத்தில் உறுதியானது. நிலாவில் அவ்வப்போது தெரிவதாகச் சொல்லப்படும் மின்னல், மங்கல், செந்நிறப் பொட்டு ஆகியவற்றுக்கு 'நிலவின் தற்காலிகத் தோற்றங்கள்' என்ற பொருளில் ஒரு தொடரை அவர்தான் புழக்கத்தில் விட்டார். அவற்றைத் தொகுத்த 1968 நாசா அறிக்கையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அவற்றில் பெரும்பாலானவை நம் காற்றாலும் லென்ஸின் நிறப்பிரிவாலும் வந்த மயக்கம் என்றுதான் இன்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஐபீஸில் கண் வைத்துக்கொண்டு வரைவதை அவர் கடைசிவரை விடவில்லை. அதன் முறையை வியாழனை வைத்துச் சொல்கிறேன். வெறும் வட்டம் போட்டு அதில் வரையக்கூடாது. வியாழன் துருவத்தில் சப்பையானது. அகலம் 100 என்றால் உயரம் 93 அல்லது 94. அந்த வடிவத்தை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒருமுறை சுழல 10 மணி நேரத்துக்கும் குறைவு, மணிக்கு 36 டிகிரி. நீங்கள் பென்சிலைச் சீவிவிட்டுத் திரும்பும் 10 நிமிடத்தில் 6 டிகிரி நகர்ந்திருக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் முக்கியப் பட்டைகளின் ஓரங்களையும் பெரிய பொட்டுகளின் இடத்தையும் மட்டும் குறித்து, உடனே நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டும். அந்த நேரம்தான் படத்துக்கு உயிர். அடுத்த 7, 8 நிமிடத்தில் நுண்விவரங்கள். அதற்குப் பிறகு தெரிவதைப் படத்தில் சேர்க்காமல் ஓரத்தில் குறிப்பாக எழுதலாம். கருவியின் விட்டம், உருப்பெருக்கம், காற்றின் நிலை ஆகியவையும் வேண்டும். காற்றுக்கு அன்டோனியாடி அளவுகோல்: I என்றால் அசைவே இல்லை, V என்றால் வரையவே முடியாது. IV-லும் V-லும் வரைந்த படத்தைப் பத்திரமாக வைக்கத் தேவையில்லை.

புதியவர்கள் இதில் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, தெரிவதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதை வரைவது; புத்தகத்தில் பெருஞ்செம்பொட்டு இருக்கிறதே என்று படத்திலும் வைத்துவிடுவார்கள், அன்று அது மறுபக்கத்தில் இருந்திருக்கும். இரண்டாவது, வீட்டுக்குள்ளிருந்து கருவியைத் தூக்கி வந்த உடனே பார்ப்பது. கண்ணாடி சூடாக இருக்கும்வரை அதன் மேலுள்ள காற்று கொதிநீர்போல் அலையும். 6 அங்குலத்துக்கு அரை மணி நேரமாவது, 12 அங்குலத்துக்கு ஒரு மணிக்கும் மேல் ஆறவிட வேண்டும்.

1965-ல் வட அயர்லாந்தின் ஆர்மா கோளரங்கத்துக்கு முதல் இயக்குநராகப் போனார். 1968-ல் அந்தப் பொறுப்பை விட்டு சசெக்ஸ் கடலோரத்து செல்சிக்கு வந்தார். மறுஆண்டு ஜூலையில் அப்போலோ 11. பிபிசி அரங்கில் கிளிஃப் மிச்செல்மோர், ஜேம்ஸ் பர்க் ஆகியோரோடு மூரும் இருந்தார். ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தபோது பிரிட்டனில் ஜூலை 21 அதிகாலை 3.56. கருவிகளை விளக்குவது பர்க்கின் வேலை, இறங்கிய நிலத்தை விளக்குவது மூரின் வேலை. அந்த இரவின் அரங்கக் காட்சிகளில் பெரும்பகுதியை பிபிசி பாதுகாக்கவில்லை. அந்தக் காலத்தில் வீடியோநாடா விலை அதிகம், அழித்துத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். வழக்கம் என்றாலும் இந்த இழப்பு ஆறவில்லை.

1976 ஏப்ரல் 1 காலை பிபிசி ரேடியோ 2-ல், சரியாக 9.47-க்கு வியாழனும் புளூட்டோவும் ஒரே நேர்கோட்டில் வருவதால் பூமியின் ஈர்ப்பு குறையும், அந்த நொடியில் குதித்தால் மிதப்பதுபோல் இருக்கும் என்றார். மிதந்தோம் என்று நேயர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். கணக்குப் போட்டால், வியாழன் நம்மீது செலுத்தும் இழுப்பு மிக நெருங்கி வரும்போதுகூட பூமியின் ஈர்ப்பில் 3 கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் பூமியையும் நம்மையும் சேர்த்தே இழுப்பதால் எடையில் காட்டாது. ஏப்ரல் முதல் தேதிக்கு அவர் கொடுத்த நல்ல வீட்டுக்கணக்கு அது.

செல்சியில் அவர் வீட்டின் பெயர் ஃபார்திங்ஸ். தோட்டத்தில் அந்த 12½ அங்குலமும், பிறகு வந்த 15 அங்குலக் குழியாடியும் தனித்தனிக் கூரைகளின் கீழ் நின்றன. 1998 ஜனவரியில் ஒரு சூறைச்சுழல் அந்தத் தோட்ட ஆய்வுக்கூடத்தின் ஒரு பகுதியைப் பிய்த்தெறிந்தது, திரும்பக் கட்டினார். சந்தேகம் கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் பழைய உட்ஸ்டாக்கிலேயே பதில் தட்டி அனுப்பினார். அந்தப் பதில்களால் வானியலுக்கு வந்ததாகச் சொல்பவர்கள் பிரிட்டன் முழுக்க இருக்கிறார்கள்.

1995 டிசம்பரில் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் வந்த கால்ட்வெல் பட்டியல் அவர் விட்டுப்போனவற்றில் இன்றும் தினம் பயன்படுவது. பிரெஞ்சு வானியலாளர் மெசியே போட்ட பழைய பட்டியலில் இல்லாத 109 விண்மீன் கூட்டங்களும் நெபுலாக்களும் அண்டங்களும் அதில் உண்டு. M என்ற எழுத்து மெசியேக்குப் போய்விட்டதால் தன் குடும்பப்பெயரின் முதல் பாதியை எடுத்து C என்று வைத்தார். வரிசை வடக்கிலிருந்து தெற்கு: C1 வடதுருவத்துக்கு அருகில், C109 தென்துருவத்துக்கு அருகில். இதில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் இருக்கும் வடக்கு அட்சரேகையிலிருந்து 90-ஐக் கழித்தால் அதுதான் உங்களுக்குத் தெரியும் வானத்தின் தெற்கு எல்லை. செல்சிக்கு அது சுமார் −39. அங்கிருந்து −47 டிகிரியில் இருக்கும் C80, அதாவது ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கூட்டம், ஒருபோதும் தெரியாது. அதாவது தன் தோட்டத்திலிருந்து தானே பார்க்க முடியாதவற்றையும் சேர்த்துத்தான் பட்டியல் போட்டார். ஏற்கெனவே தெரிந்தவைதானே, புதிதாக எண் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 7,840 பொருட்கள் உள்ள என்ஜிசி பட்டியலோடு தனியே விடப்பட்ட ஒருவருக்கு இந்த 109 எவ்வளவு பெரிய உதவி என்று அவர்கள் யோசிக்கவில்லை.

தொடங்க C14 நல்லது. காசியோப்பியா விண்மீன் குழுவின் W வடிவத்தில் காமா என்ற விண்மீனிலிருந்து டெல்டாவுக்கு ஒரு கோடு இழுத்து, அதே திசையில் இன்னும் இரண்டு மடங்கு தூரம் பெர்சியஸ் பக்கம் போனால் பைனாகுலரில் இரண்டு கூட்டங்கள் ஒட்டி நிற்கும். இதற்குக் குறைந்த பெருக்கம் வேண்டும். 100 மடங்கில் பார்த்தால் இரண்டும் ஒரே பார்வையில் அடங்காது, சிதறிய விண்மீன்களாகத்தான் தெரியும். C39 என்ற நெபுலாவுக்கு நேரெதிர். ஜெமினியின் டெல்டாவிலிருந்து கிழக்கு–தென்கிழக்கில் 2 டிகிரிக்குச் சற்று மேல். 40 மடங்கில் அது பக்கத்து விண்மீனோடு சேர்ந்து இரட்டை விண்மீன்போல் இருக்கும். பலர் இதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோவது இதனால்தான். இரண்டில் தெற்கே உள்ளது கூர்மையாக இல்லாமல் உப்பியிருந்தால் அதுதான். 120, 150 என்று ஏற்றுங்கள், நீலம் கலந்த வட்டு விரியும். நேராகப் பார்த்தால் நடுவிண்மீன் தெரிந்து வட்டு சுருங்கும், ஓரப்பார்வையில் வட்டு திரும்ப வரும். C63, ஹெலிக்ஸ் நெபுலா, எண்ணளவில் C39-ஐவிடப் பிரகாசம், ஆனால் அந்த வெளிச்சம் நிலாவில் பாதி அகலத்துக்குப் பரவியிருப்பதால் நகர வானில் சுத்தமாகத் தெரியாது. பட்டியலில் உள்ள ஒளியளவை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம். பரப்பளவையும் பார்க்க வேண்டும். எதற்கும் முதலில் கண்ணை 20–30 நிமிடம் இருட்டில் பழக்குங்கள். இடையில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

'கேம்ஸ்மாஸ்டர்' என்ற வீடியோ கேம் நிகழ்ச்சியில் 1992 முதல் 1998 வரை மிதக்கும் தலையாக வந்தது அவரை இன்னொரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. 2001-ல் சர் பட்டம், பாஃப்டா விருது, ராயல் சொசைட்டியின் கௌரவ உறுப்பினர் தகுதி மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. குடியேறிகளைப் பற்றியும் தொலைக்காட்சியில் பெண்களைப் பற்றியும் அவர் சொன்ன கருத்துகள் கண்டனத்துக்கு உள்ளாயின. அந்தக் கண்டனம் நியாயமானது. கடிதம் எழுதிய சிறுமிக்கும் சிறுவனுக்கும் ஒரேபோல் பதில் எழுதிய மனிதர் அப்படிப் பேசியது எனக்கு இன்றும் வருத்தம்.

அவர் தவறவிட்டது ஒரே ஒரு நிகழ்ச்சி. 2004 ஜூலையில் கெட்டுப்போன பெருவாத்து (கூஸ்) முட்டையால் வயிறு பாதித்து மருத்துவமனையில் கிடந்தபோது இளம் வானியலாளர் கிறிஸ் லின்டாட் அவர் இடத்தில் நின்றார். கடைசி ஆண்டுகளில் மூட்டுவாதம் விரல்களைப் பிடித்துக்கொண்டது. சைலஃபோன் போயிற்று, தட்டச்சு போயிற்று, ஐபீஸ்வரை குனிவதும் போயிற்று. அப்போது ஒளிப்பதிவு அவர் வீட்டுக்கே வந்தது. அவர் நாற்காலியில் இருக்க, விருந்தினர்கள் சுற்றி அமர, மற்றவர்கள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று என்ன தெரிந்தது என்று அவரிடம் சொன்னார்கள். அவர் பங்கேற்ற கடைசி நிகழ்ச்சி, இறந்து நான்கு வாரம் கழித்து, 2013 ஜனவரி 7-ல் ஒளிபரப்பானது. பிப்ரவரியிலும் நிகழ்ச்சி வழக்கம்போல் வந்தது.